பெடல் மட்டம்

அக்டோபர் 14, 2024, திங்கள்

காலையில் தூறல்தான். கைவேலி வரைக்கும் ரோடு கண்ணுக்குத் தெரிந்தது. ராத்திரி திரும்பும்போது ராம் நகர் முனையில் தண்ணீர் சைக்கிள் ரிம் மட்டம்.

வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள், கல்யாண மண்டப வாசல் மாதிரி. போலீஸ் ஃபைன் போடுகிறார்கள் என்று ஒரு பேச்சு, இல்லவே இல்லை என்று ஒரு பேச்சு. போன டிசம்பரில் மூழ்கினவர்கள் ஃபைனுக்குப் பயப்படுகிற ஆட்களாகத் தெரியவில்லை.

காருக்குப் பாலம் இருக்கிறது. நான் சைக்கிளைத் தூக்கி மாடிப்படி வளைவில் வைத்து, கம்பியோடு சேர்த்துச் சங்கிலி போட்டேன். ஹவுஸ் ஓனர் அம்மா பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. போன வருஷம் சொன்னார்.

அக்டோபர் 15

ஸ்கூலுக்கெல்லாம் லீவு. மருந்துக்கடைக்கு ஏது லீவு.

பெடல் மட்டம். கால் கீழே வரும் ஒவ்வொரு சுற்றுக்கும் பாதம் தண்ணீருக்குள் போய் வருகிறது. செருப்பைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டேன். வெறுங்காலில் கண்ணாடி குத்தும் என்று இவர் சொல்வார். செருப்போடு இருந்தால் பெடலில் வழுக்குகிறது. வழுக்கி விழுவதற்குக் கண்ணாடியே மேல்.

இந்த ரோடு எனக்கு மனப்பாடம். ஸ்கூல் காம்பவுண்டு முடியும் இடத்தில் மூன்று பள்ளம், நடுவில் இருப்பது ஆழம். டிரான்ஸ்ஃபார்மர் தாண்டினதும் இடது பக்கம் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டது, ஆகஸ்டிலிருந்து மூடவில்லை, யாரோ புண்ணியவான் முருங்கைக் கிளையை நட்டு வைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் நடு ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். ஆட்டோ ஒன்று முன்னால் போனால் அதன் சக்கரத் தடத்திலேயே போய்விடலாம், அது முங்கினால் நாம் நின்றுகொள்ளலாம். இன்று ஆட்டோவும் கிடைக்கவில்லை. பெரிய வண்டி ஒன்று வேகமாகப் போய், அலை வந்து பக்கவாட்டில் தள்ளியது. விழவில்லை. காலை ஊன்றின இடத்தில் ரோடு இருந்தது.

கரண்ட் பில்லர் பாக்ஸ் பக்கம் மட்டும் போகவே மாட்டேன். பத்தடி சுற்றிப் போவேன். போன வருஷத்திலிருந்து அப்படி.

கடையில் பில் போட்டுக் கை ஓய்ந்தது. இன்சுலின் இரண்டு மாசத்துக்கு, பி.பி. மாத்திரை இரண்டு மாசத்துக்கு, பெரியவர்களுக்கான டயபர், பால் பவுடர். கரண்ட் போனால் இன்சுலினை எங்கே வைப்பது என்று ஒரு தாத்தா நாலு முறை கேட்டார். மண்பானையில் தண்ணீருக்குப் பக்கத்தில் வையுங்கள், ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள் என்று நாலு முறையும் சொன்னேன். ஐந்தாவது முறை கேட்காமல் போனது எனக்கு என்னவோ போல இருந்தது.

அயர்ன் மாத்திரை வாங்க ஒரு பெண் வந்தாள், மாமியாரோடு. எத்தனை மாசம் என்று நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. எட்டு என்றாள்.

அக்டோபர் 16

ரெட் அலர்ட். அம்மா உணவகத்தில் இன்றும் நாளையும் சாப்பாடு இலவசமாம். மத்தியானம் போய் வரிசையில் நிற்கத்தான் நினைத்தேன், கடையை விட்டு நகர முடியவில்லை.

அக்டோபர் 17

புயல் சின்னம் விடிகாலையில் சென்னைக்கு வடக்கே கரையேறிவிட்டதாம். ரோடு காய்கிறது. பாலத்திலிருந்து கார்களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் வெட்கத்தோடு.

அக்டோபர் 21

கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண். கடையில் இருக்கிற எல்லாக் களிம்பும் எனக்குத் தெரியும், வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்கு வந்து மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத்தான் தடவுகிறேன். பழக்கம்.

அக்டோபர் 31

தீபாவளி. போன் போட்டேன். ரிங் போனது.

நவம்பர் 9

பாய் கடையில் சைக்கிளை விட்டேன். சக்கர அச்சுக் கப்பைத் திறந்து காட்டினார். "அக்கா, தண்ணில ஓட்டினா கிரீஸ் பால் டீ ஆயிடும்." நிஜமாகவே அந்தக் கலர்தான். பால்ஸ் எல்லாம் மாற்றி, பிரேக் கட்டை நாலும் புதிது போட்டு, செயினுக்கு எண்ணெய் விட்டு, 480 ரூபாய்.

புதுக் கட்டை போட்டாலும் நனைந்த ரிம்மில் பிடிக்காது. முதல் ஒன்றிரண்டு சுற்று ரிம்மில் இருக்கும் தண்ணீரைத் துடைக்கவே சரியாகப் போய்விடும். அதனால் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்னாலிருந்தே லேசாகப் பிடித்தபடி போக வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். பதினொன்றாவதில் சைக்கிள் கொடுத்த அன்று மழை, ஸ்கூலிலிருந்து ஓட்டிக்கொண்டே வந்து கேட்டில் மோதி நின்றாள். கூடையில் நெளிவு இன்னும் அப்படியே இருக்கிறது. பாய் நிமிர்த்தித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

"வேற வண்டி வாங்கிக்க அக்கா, இது ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டுறது" என்றார். பத்து வருஷமாகச் சொல்கிறவர் மாதிரி சொன்னார். நான் ஓட்ட ஆரம்பித்தே இரண்டு வருஷம்தான், அவள் போனதிலிருந்து.

நவம்பர் 16

அவளோடு படித்த பெண் கடைக்கு வந்தாள். பேசிக்கொண்டே இருமல் மருந்து எடுத்தாள். டிசம்பர் இரண்டாவது வாரம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மயிலத்துக்குப் பக்கம்தான், அங்கேயே பார்த்துக்கொள்கிறார்களாம். "நீங்க போன் பண்ணுங்கம்மா" என்றாள். நான் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 18

மடிப்பாக்கம் பஜாரில் கண்ணாடி வளையல் இரண்டு டஜன். பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. கடைக்காரம்மா "வளைகாப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சொன்னால் என்ன.

மருந்துக்கடை டிராயரில், பழைய பில் புக்குகளுக்கு அடியில் இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டு போனால் இவர் கண்ணில் படும்.

நவம்பர் 26

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. புயலாகும், ஆகாது. வரும், வராது.

நவம்பர் 27

ஆகவில்லை.

நவம்பர் 28

இன்னும் ஆகவில்லை. பேர் மட்டும் தயார். கடையில் பெஞ்சலா பெங்கலா என்று சண்டை. சவுதி அரேபியா வைத்த பேராம். முதலாளி ஒரு பேர், டிவி ஒரு பேர், பால்காரர் "ஃபெவிகால்" என்கிறார்.

இன்சுலின் தாத்தா மறுபடியும் வந்தார். மண்பானை வாங்கிவிட்டாராம்.

நவம்பர் 29, வெள்ளி

மத்தியானம் புயல் என்று சொல்லிவிட்டார்கள். பாலத்தில் கார்கள் வந்துவிட்டன. இந்த முறை வெட்கமே இல்லை.

போன வருஷம் டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல். மூன்று நாள் சைக்கிள் தண்ணீருக்குள் இருந்தது. நாங்கள் ஓனர் வீட்டு மாடியில், பதினொரு பேர், ஒரு கேஸ் ஸ்டவ். போட் வந்தது, ஓனர் அம்மாவின் அம்மாவை மட்டும் ஏற்றி அனுப்பினோம். மூன்றாவது நாள் டவர் வந்தபோது என் போனில் ஒரே நம்பரிலிருந்து 14 மிஸ்டு கால். நான் திருப்பிக் கூப்பிடவில்லை. இவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கூப்பிடலாம் என்று வைத்தேன். அந்த அப்புறம் தீபாவளி வரைக்கும் வந்துவிட்டது.

14 மிஸ்டு கால்.

அரிசி, மெழுகுவத்தி, தண்ணீர் கேன் எல்லாம் மேலே ஏற்றியாயிற்று. சைக்கிளும்.

நவம்பர் 30, சனி

முதலாளி போன் பண்ணி "முடிஞ்சா வாங்க" என்றார். முடிஞ்சா என்றால் வரணும்.

காற்றுதான் இன்றைக்கு. தண்ணீரை விடக் காற்று கஷ்டம் என்பதை மறந்தே போயிருந்தேன். ரெயின்கோட்டுக்குள் புகுந்து முதுகில் பலூன் மாதிரி ஊதிக்கொள்கிறது. கைவேலியில் சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து நேராக மார்பில் அறைகிறது, பெடலை மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது. இறங்கித் தள்ளினேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்திருந்தேன், இல்லாவிட்டால் செயினில் போயிருக்கும். வேளச்சேரி போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். மொத்தமே ஐந்து கிலோமீட்டர்.

அச்சு மட்டம் ஓரிடத்தில். அதற்கு மேல் ஓட்டினால் கப்புக்குள் தண்ணீர் போகும், 480 ரூபாய்.

வடசென்னையில் ஏ.டி.எம்.மில் பணம் எடுக்கப் போன பையன் ஷாக் அடித்து இறந்துவிட்டான் என்று கடையில் டிவி சொன்னது. பிழைக்க வந்த வடநாட்டுப் பையன். நான் சொன்னேனே, பில்லர் பாக்ஸ் என்று. யாரிடம் சொன்னேன். இங்கேதான் எழுதினேன்.

ஏர்போர்ட்டை மூடிவிட்டார்கள். நாலு மணிக்குக் கடையையும்.

இரவு 10.45. கரண்ட் இருக்கிறது. ஆச்சரியம். மழை குறைந்த மாதிரி இருக்கிறது. இங்கே இல்லையாம், புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடக்கிறதாம். ஓனர் அம்மா மாடியிலிருந்து "தப்பிச்சோம்" என்று கத்தினார். நானும் அப்பாடா என்றுதான் நினைத்தேன். எழுதிவிடுகிறேன், நினைத்தேன். ஒரு நிமிஷம் கழித்துத்தான் புதுச்சேரிக்குப் பக்கத்தில் என்னென்ன ஊர் இருக்கிறது என்று புத்தியில் ஏறியது.

டிசம்பர் 1, ஞாயிறு

மயிலத்தில் 50 சென்டிமீட்டர்.

ஒரே நாளில். டிவியில் அந்த எழுத்து கீழே ஓடிக்கொண்டே இருக்கிறது. கரையேறின புயல் நகரவே இல்லையாம், அதே இடத்தில் உட்கார்ந்து கொட்டுகிறதாம். இரண்டு மாசமாக நாங்கள் சைக்கிளைத் தூக்கி, காரைத் தூக்கி, இன்சுலினைத் தூக்கிக் காத்திருந்தது எல்லாம் அங்கே போய் விழுந்திருக்கிறது.

தொடர்பு எல்லைக்கு வெளியே. தொடர்பு எல்லைக்கு வெளியே. தொடர்பு எல்லைக்கு வெளியே.

இவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மயிலம் என்று வந்தபோது சத்தத்தைக் கூட்டினார். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 2

ரோடு முழுக்கக் காய்ந்து கிடக்கிறது. இருபது நிமிஷத்தில் கடைக்குப் போய்விட்டேன். அதுவே கோபமாக வந்தது.

விக்கிரவாண்டி முண்டியம்பாக்கம் பாலத்தில் தண்ணீர், ரயில் எல்லாம் நிறுத்தம். அரசூரில் ஹைவே மூழ்கிவிட்டது. அதெல்லாம் மயிலத்துக்கும் தெற்கே. திண்டிவனம் வரைக்கும் ஒன்றுமில்லை என்று ஒருவர் சொல்கிறார். திண்டிவனமே தீவு என்று இன்னொருவர். திருவண்ணாமலையில் மண் சரிந்து வீட்டோடு புதைந்திருக்கிறார்கள். பிள்ளைகள்.

இதுவரை 31 முறை போன் போட்டிருக்கிறேன். எண்ணிக்கொண்டுதான் போடுகிறேன். டவர் வந்ததும் அவள் பார்ப்பாள்.

ராத்திரி சாப்பிடும்போது இவர் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு, "திண்டிவனம் பஸ் ஓடுதாம்" என்றார்.

இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

காலை ஆறரைக்கே கடைக்குப் போய் ஷட்டர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். எத்தனை நாள் என்றார். தெரியாது என்றேன். சம்பளத்தில் பிடிப்பார், பிடிக்கட்டும். ஓ.ஆர்.எஸ்., டார்ச், நாப்கின், பேரசிட்டமால், கொசுவத்தி, இரண்டு பழைய பருத்திப் புடவை, எல்லாம் ஒரு பையில். வளையலை நியூஸ்பேப்பரில் சுற்றி, புடவை மடிப்புக்குள். சைக்கிளை மருந்துக்கடைக்குப் பின்னால் ஜன்னல் கம்பியில் பூட்டிவிட்டு வந்தேன்.

கிளாம்பாக்கத்தில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். திண்டிவனம் போகும், அதற்கு மேல் அங்கே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள் என்கிறார் கண்டக்டர். மயிலத்துக்கு டவுன் பஸ் ஓடுகிறதா என்று அவருக்கும் தெரியவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். பெடல் மட்டம் வரைக்கும் இருந்தால்கூட ஓட்டிவிடுவேன். மேலே போனால் தள்ளிக்கொண்டு போகலாம். பஸ் கூரையில் ஏற்றியிருப்பார்களா, கேட்டிருக்க வேண்டும், ஏன் அதைப் பூட்டிவிட்டு வந்தேன்

டிக்கெட் கேட்கிறார்.