மூணே முக்காலுக்கு ரோஜாப்பூ

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அதிகாலை 3.47-க்கு பனித்துளி ரோஜாவோடு 'இனிய காலை வணக்கம்' வந்து விழுந்தால், அனுப்பியவர் யாராவது ஒரு பெரியப்பாவாகத்தான் இருப்பார். "பாவம், அவருக்குத் தூக்கமே வரமாட்டேங்குது" என்று வீடே உச்சுக்கொட்டும். முந்தின ராத்திரி எட்டரைக்கே சீரியல் நடுவில் சாய்ந்து குறட்டை விட்டாரே, அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எட்டரையிலிருந்து மூணே முக்கால் வரை ஏழே கால் மணி நேரம். மதியம் போட்ட ஒரு மணி நேரக் குட்டித் தூக்கம் தனி. கோட்டா தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

வயது ஏறினால் உடம்புக் கடிகாரம் முன்னால் நகரும். மாலை வெளிச்சம் அதைப் பின்னுக்குத் தள்ளும், விடிகாலை வெளிச்சம் இன்னும் முன்னுக்கு இழுக்கும். பெரியப்பாவோ விடிந்ததும் மொட்டை மாடியில் நடப்பார், சாயங்காலம் லைட்டை அணைத்துவிட்டு டிவி பார்ப்பார். வாக்கிங்கை மாலை ஐந்துக்கு மாற்றி, ஹாலில் ஒன்பது மணி வரை நல்ல வெளிச்சம் வைத்து, படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கொரு தரம் 15 நிமிஷம் தள்ள வேண்டும். மதியத் தூக்கம் மூணு மணிக்கு முன்னால், அரை மணிக்குள்.

நடுவயசுக்காரர்கள் கேஸ் வேறு. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் முன்பகுதியிலேயே முடிந்துவிடும். மூணு மணிக்கு மேல் தூக்கம் லேசு, சின்னச் சீண்டலே போதும். கரண்ட் பில்லுக்குப் பயந்து நாலு மணி நேர டைமர் வைத்த ஏசி, பதினொன்றுக்குப் படுத்தவரைச் சரியாக மூணு மணிக்கு வியர்க்க விடும். 27-ல் வைத்து, ஃபேனை மெதுவாக ஓடவிட்டு, டைமரை ஆறு மணிக்குத் தள்ளுங்கள். மாலை ஐந்து மணிக் காபியின் கஃபீனில் கிட்டத்தட்ட பாதி, பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். 'தூக்கத்துக்காக' போடும் ரெண்டு பெக், இறங்கும்போது எழுப்பிவிட்டுத்தான் இறங்கும். கணுக்காலில் நீர் கோத்துக்கொள்பவர்களுக்கு, படுத்ததும் அந்த நீர் ரத்தத்தில் ஏறி பாத்ரூமுக்கு அனுப்பும். சாயங்காலமே ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்தால் அந்த வேலை முன்கூட்டியே முடியும். குறட்டைக்கு நடுவே மூச்சு முட்டினாலோ, சீக்கிரம் விழிப்பதோடு இரண்டு வாரமாக எதிலும் மனசு ஒட்டவில்லை என்றாலோ டாக்டரைப் பார்த்துவிடுங்கள். டிப்ஸ் படித்துத் தீராது.

விழித்ததும் மணி பார்ப்பதுதான் பெரிய வில்லங்கம். "இப்பத் தூங்கினாலும் ரெண்டு மணி பத்து நிமிஷம்..." என்று கழித்தல் போட ஆரம்பித்த மூளை அப்புறம் படுக்காது. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். உத்தேசமாக 20 நிமிஷம் புரண்டாயிற்றா, எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கல் வெளிச்சத்தில் எதையாவது படியுங்கள். கண் சொருகினால் மட்டும் திரும்ப வந்து படுக்கலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது. த்ரில்லர் நாவல் வேண்டாம். வாஷிங் மெஷினோடு வந்த கையேடு உத்தமம். எரர் கோடு அட்டவணை வரைக்கும் பெரும்பாலும் யாரும் தாக்குப்பிடிப்பதில்லை.