பேனாவைக் கீழே வை

இன்னும் ஒன்பது நாளில் பிளாப் இரண்டாம் கட்டத் தேர்வு. வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பிரிட்டனில் வேலை பார்ப்பதற்கான தேர்வு இது. மான்செஸ்டரில், அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலான ஜிஎம்சியின் தேர்வு மையத்தில். மொத்தம் 16 ஸ்டேஷன், அதாவது 16 மாதிரி நோயாளிச் சூழல்கள், ஒவ்வொன்றும் 8 நிமிடம். நோயாளியாக நடிப்பவர் உள்ளே காத்திருப்பார். கதவுக்கு வெளியே ஒட்டியிருக்கும் குறிப்பைப் படித்துவிட்டு நுழைய வேண்டும்.

மருத்துவம் எனக்குப் பயமில்லை. ஊரில் அரசு மருத்துவமனை ஓபியில் ஒரு காலையில் நூறு பேரைப் பார்த்துப் பழகிய கை இது. அங்கே "என்னம்மா செய்யுது?" என்று கேட்கும்போதே மருந்துச் சீட்டு பாதி எழுதியாகிவிடும். இங்கே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பேச்சுக்கும் நடத்தைக்கும் தனியாக 4 மதிப்பெண். நோய் கண்டறிதலுக்கும் அதே 4, சிகிச்சைக்கும் அதே 4.

நேற்று இரவு பயிற்சிக்காக அறைத்தோழி அக்கா நோயாளியாக உட்கார்ந்தார். ஸ்கேனில் கட்டி இருப்பதை நான் சொல்ல வேண்டும். சொன்னேன். அவர் தலை குனிந்தார். நாலு நொடிகூட ஆகியிருக்காது, அடுத்து என்ன டெஸ்ட் என்று ஆரம்பித்துவிட்டேன். "பேனாவைக் கீழே வை. நான் இன்னும் அழுது முடிக்கவில்லை" என்றார். அப்புறம் மூன்று முறை செய்தோம். மூன்றாவது முறை நான் பேசாமல் இருந்தேன். அவரே நிமிர்ந்து "இது கேன்சரா டாக்டர்?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த வாரம் அக்காவுக்கு நைட் டூட்டி. இரவு 9 மணிக்கு மேல் வீடியோ காலில் பயிற்சி செய்ய யாராவது இருந்தால் சொல்லுங்கள், ப்ளீஸ்.