சுரைக்குடுக்கை வியாபாரம்

உதடு படாமல் தம்ளரைத் தூக்கிக் குடித்து வளர்ந்த எனக்கு அர்ஜென்டினா வைத்த முதல் சோதனை ‘மாத்தே’ என்ற பானம். யெர்பா என்ற மரத்தின் இலையை வெந்நீரில் ஊறவைத்து உறிஞ்சுவது அது. புவெனோஸ் ஐரிஸில் அலுவலகம், பூங்கா, ஆற்றங்கரை எங்கும் இதே காட்சி: குடுக்கை ஒன்று, உலோக உறிஞ்சுகுழல் ஒன்று, குடிப்பவர்களோ ஐந்தாறு பேர். ஊற்றித் தருபவர் முதல் சுற்றைத் தானே குடித்துவிட்டு, மறுபடி வெந்நீர் நிரப்பி அடுத்தவரிடம் நீட்டுவார். குழலைத் துடைத்தால் மரியாதைக் குறைவு. கொஞ்ச காலம் வயிற்றைச் சாக்குச் சொல்லி ஒதுங்கினேன். ஆனால் வீட்டு வாடகை முதல் மேலாளரின் குணம் வரை எல்லாம் அந்த வட்டத்தில்தான் பேசப்படுகிறது. ஒதுங்கியே இருந்தால் ஸ்பானிஷும் வராது, சிநேகிதமும் வராது. எச்சில் பார்ப்பதை விட்டேன்.

யெர்பா இலையின் கசப்பு பிறகுதான் பிடித்தது. முதலில் என்னை இழுத்தது குடுக்கை. நாம் கூட்டு வைக்கும் சுரைக்காயின் இனமேதான் அது. முற்றிக் காய்ந்த காயின் தலையை அறுத்து விதையை நீக்கினால் கோப்பை ஆயிற்று. சூளை வேண்டாம், அச்சு வேண்டாம். ஆயுள் முடிந்தால் மண்ணோடு மக்கிவிடும். இப்படியொன்று கொடியிலேயே காய்க்கும் நாட்டில் சிலிக்கோன் கோப்பைகள் கடை கடையாகக் குவிந்திருப்பதைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் இறங்கினேன்.

கூடவே இலையையும் விற்க ஆசை. ஆனால் உணவுப்பொருளைப் பொட்டலம் கட்டி விற்க, கட்டும் இடத்துக்கு ஒரு பதிவெண், பொருளுக்கு இன்னொன்று வேண்டும். ஆகவே, வடகிழக்கு மாகாணமான மிசியோனெஸில், பதிவுள்ள ஒரு விவசாயக் குடும்பம் கட்டித்தரும் காகிதப் பையையே வாங்கி விற்கிறேன். மர நிழலில் வளர்ந்த இலை. தீயில் வாட்டி, உலர்த்தி, நொறுக்கி, மாதக்கணக்கில் கிடங்கில் பதப்பட விட்டது. வரி விஷயம் எளிது. சிறு வணிகர்களுக்கான ‘மோனோத்ரிபூத்தோ’ திட்டத்தில் மாதம் ஒரே தொகைதான். வரி, ஓய்வூதியம், மருத்துவம் மூன்றும் அதற்குள் அடங்கிவிடும். விலை குறிப்பதுதான் பாடு. இந்நாட்டு நாணயமான பெசோ மதிப்பிழக்கும் வேகத்தில் அச்சடித்த விலைச்சீட்டு வீண்; பென்சிலால் எழுதுகிறேன்.

வாரயிறுதிச் சந்தையில் நான் அதிகம் பேசுவது குடுக்கையில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதைப் பற்றி. உள்ளூர்ப் பாட்டிமார்களுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. புதுக் குடுக்கையில் ஏற்கெனவே குடித்து முடித்த ஈரச் சக்கையை நிரப்பி ஒரு நாள் விட வேண்டும். மறுநாள் கொட்டிவிட்டு உட்புறத்தைக் கரண்டியால் மெல்லச் சுரண்டினால், ஊறிய சதை கரும்பச்சைச் சுருளாக உரிந்து வரும். ஈர வைக்கோல் வாசனை அடிக்கும். சுரண்டும்போது வழுக்காமல் கெட்டியான ஓடு தட்டுப்படும்வரை இதைத் திரும்பச் செய்யலாம். பிறகு ஒவ்வொரு முறை குடித்த உடனே சக்கையைக் கொட்டிக் கழுவி, காற்றோட்டமாகச் சாய்த்து உலர்த்தினால் போதும். கவிழ்த்து மூடி வைப்பவர்கள்தான் புகாரோடு வருகிறார்கள்.

தண்ணீர் கொதிக்கக் கூடாது. 70 முதல் 80 டிகிரிச் சூடு போதும், மீறினால் இலை கருகிய கசப்பாகிவிடும். ஊற்றிய பிறகும் சற்று ஆறவிட்டுக் குடிக்கச் சொல்கிறேன்; அதற்கு வேறு காரணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல், 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் எந்தப் பானத்தைக் குடித்தாலும் புற்றுநோய் அபாயம் இருக்கக்கூடும் என்றது. மாத்தேயில் அது சந்தேகப்பட்டது இலையை அல்ல, சூட்டை. விற்பனையாளன் இதைச் சொல்வானா என்று சிலர் சிரிக்கிறார்கள். சொல்லித்தான் விற்கிறேன்.

அடுத்து தேயிலை. மிசியோனெஸில் விளையும் தேயிலையின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய் ஐஸ் டீ ஆகிறது. அதில் கொஞ்சத்தையாவது இங்கேயே உதிரி இலையாக விற்க ஒரு தோட்டக்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். விலை படிந்தால், இங்கே ஜூனில் தொடங்கும் குளிருக்கு முன்பே மேசைக்கு வந்துவிடும்.