ஒரு காம்பிராவுக்கு ஒரு போன்

2020 மார்ச் 12 ஆம் திகதி மாலை, மறுநாள் முதல் பாடசாலைகள் மூடப்படும் என்ற அறிவித்தல் வந்தபோது, பத்தாம் தரத்துக்கு இருபடிச் சமன்பாட்டைப் பாதியில் விட்டிருந்தேன். நாளை தொடரலாம் என்று கரும்பலகையைக்கூட அழிக்காமல் வந்திருந்தேன். 20 ஆம் திகதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் வந்தது. இலங்கையின் மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதம் கற்பிக்கும் எனக்கு, இணையவழிக் கற்பித்தல் என்பது அதுவரை சுற்றறிக்கைகளில் மட்டும் வாசித்த சொல்லாகவே இருந்தது.

முதலில் எல்லாரையும் போல நானும் சூம் வகுப்பைத்தான் தொடங்கினேன். 34 பேர் படிக்கும் வகுப்பில் காலை ஒன்பது மணிக்கு வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களிலும் இருவர் இடையில் காணாமற் போனார்கள். பிள்ளைகளின் அக்கறையின்மை என்று ஓரிரு நாள் கோபப்பட்டேன். அந்தக் கோபம் பிழையானது. லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒரு காம்பிராவுக்கு, அதாவது ஓர் அறைக்கு, ஒரு போன் இருந்தால் பெரிய விடயம், அதுவும் தகப்பனுடைய சட்டைப் பையில்தான் இருக்கும். ஊரடங்கிலும் தோட்டங்கள் மூடப்படவில்லை. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆட்களைக் கூட்டும் இடத்துக்கு, போன போன் மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான் வீடு திரும்பும். ஆக, நான் பாடம் நடத்திய ஒன்பது மணிக்கு என் மாணவனுடைய வகுப்பறை எங்கோ ஒரு மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தது. அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாவாக இருந்த அந்த நாட்களில், டேட்டா போடுவதா, ரொட்டிக்கு மாவு வாங்குவதா என்ற கேள்விக்கு எந்த வீட்டிலும் மாவுதான் பதிலாக இருந்தது.

பிறகு நான் வட்ஸ்அப்புக்கு மாறினேன். ஐந்து நிமிடக் குரல் பதிவு ஒன்று, கொப்பியில் எழுதிய கணக்கின் படம் ஒன்று, அவ்வளவுதான். வீடியோவை முற்றாகக் கைவிட்டேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு குழுவில் உயிர் வரும். பத்து மணிக்குமேல் விடைகளின் படங்கள் வரும். சிலவற்றில் மங்கிய பல்பு வெளிச்சத்தில் தம்பியின் காலும் சேர்ந்து விழுந்திருக்கும். சூம் நம்மைக் குறித்த நேரத்துக்கு வரச்சொல்லி அழைக்கிறது. குரல் பதிவோ, நாம் வரும்வரை காத்திருக்கிறது. மலையகத்துக்குப் பொருந்துவது இரண்டாவதுதான் என்பதை அந்த ஆண்டு முழுவதும் பார்த்தேன். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் தமிழ்ப் பாடங்கள் இருந்தன. ஆனால் அந்தப் பக்கம் திறப்பதற்கே சிக்னல் வேண்டும்.

சிக்னலைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தின் மேற்பிரிவில், நாங்கள் மேற்கணக்கு என்போம், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறினால்தான் இரண்டு கோடுகள் தெரியும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் அங்கே ஏறிய பிள்ளைகள் பாடத்தோடு காலில் அட்டைகளையும் கொண்டு இறங்கினார்கள். இருட்டிய பிறகு பெண்பிள்ளைகளை அனுப்ப எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. அவர்களைக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை. அந்த வீடுகளுக்குக் கணக்குகளை அச்சிட்டு, கொழுந்து ஏற்றும் லொறியில் கொடுத்து அனுப்பினேன். தொழிலாளர்களை மேற்பார்க்கும் கங்காணி ஒருவர் வாங்கி லயம் லயமாகக் கொடுத்தார். அவருடைய இரண்டு கால்களையும் எங்கள் இணைய வலையமைப்பின் ஒரு பகுதியாகவே நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

சுகாதாரத்திலும் இதே கதைதான். அம்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் மூலம் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு வந்தது, நல்ல ஏற்பாடு. ஆனால் லயத்துக்கு ஏது வீட்டிலக்கம்? தபால் தோட்டத்து ஒபிசுக்குத்தான் வரும். அம்மாவின் பெயரிலேயே அந்தத் தோட்டத்தில் இன்னும் மூவர் இருந்தார்கள். பொதி ஒன்பது நாட்களுக்குப் பிறகு வேறொரு வீட்டிலிருந்து வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் கிளினிக் கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, கீழே என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதினேன். பொதி வந்தவுடன் ஒபிசிலிருந்து அழைத்தார்கள். கர்ப்பிணித் தாய்மாருக்காகக் குடும்பநல உத்தியோகத்தர் ஒரு குழு வைத்திருந்தார். அவருடைய சிங்களக் குரல் பதிவுகளைக் கேட்டு, அதையே தமிழில் பேசி மீண்டும் அனுப்புவது என் மனைவியின் இரவு வேலையானது.

2021 ஓகஸ்டில் கொரோனா மோசமாகப் பரவியபோது, வீட்டிலிருக்கும் நோயாளி 1904 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றார்கள். நோயின் நிலைக்குரிய எழுத்து, வயது, அடையாள அட்டை இலக்கம், முகவரி. முதல் மூன்றும் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இருந்தன. நான்காவதுக்கு வந்ததும், தோட்டத்தின் பெயரையும் "கோயிலுக்குக் கீழே உள்ள லயம்" என்பதையும் தட்டிவிட்டு, அது போதுமா என்று அவருடைய மகன் என்னைப் பார்த்தான். அன்றிரவே மூச்சுத்திணறல் கூடியதால் அம்பியூலன்ஸ் சேவையின் 1990 ஐ அழைத்தோம். அம்பியூலன்ஸ் வந்தது, போனில் தெரிந்த வரைபடமோ தொழிற்சாலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து லயம் வரை மூன்று இளைஞர்கள் திருப்பத்துக்கு ஒருவராக டோர்ச் பிடித்து நின்றார்கள். தாத்தா பிழைத்துக்கொண்டார்.

அண்மையில், எண்ணிமக் (டிஜிட்டல்) கல்விக்கு எங்கள் பாடசாலைக்கு என்னென்ன தேவை என்று கேட்டு ஒரு படிவம் வந்தது. கணினி, டெப், திரை என்று கட்டங்கள் போட்டிருந்தார்கள், எண்ணிக்கையை நிரப்பினேன். "வேறு" என்ற இடத்தில், இரவில் கேட்கக்கூடிய ஒலிப்பாடங்கள், மேற்கணக்குக்கு ஒரு சிக்னல் கோபுரம், லயங்களுக்கு வீட்டிலக்கம் என்று எழுதினேன். கடைசித் தேவைக்கும் கல்விக்கும் என்ன சம்பந்தம் என்று அதிபர் கேட்டார். அம்மாவின் மருந்துப் பொதியின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார்.