46 கிலோ

குஸ்தி என்னைப் பிடித்துக்கொண்டது பத்து வயதில். தாய்மாமன் பழகிய கோதாவில் மண்ணைக் கொத்திப் புரட்டி, நல்லெண்ணெயும் மஞ்சள்தூளும் கலந்து மிதித்துப் பதப்படுத்துவார்கள். தண்டால், பஸ்கி எடுத்து, கர்லாக்கட்டை சுற்றி முடித்தவர்களுக்கு மட்டுமே அந்த மண்ணில் கால் வைக்க அனுமதி உண்டு. எடைப் பிரிவு என்ற பேச்சே அங்கு எழுந்ததில்லை. பயில்வான் யாரைக் கை காட்டுகிறாரோ அவரோடு பிடிக்க வேண்டும். பெரியவன் சிறியவனைப் புரட்டிப் போட்டுவிட்டு, எழுப்பி நிறுத்தி, எங்கே தவறினாய் என்று காட்டிக் கொடுப்பான்.

பிறகு உடற்கல்வி ஆசிரியராகப் பள்ளியில் சேர்ந்து, மண்ணுக்குப் பதில் மெத்தையில் பயிற்சி தரத் தொடங்கியபோதுதான் எடை இயந்திரம் என் வாழ்க்கைக்குள் வந்தது. 29 ஆண்டுப் பணியில் நான் செய்த பெரிய தவறும் அந்த இயந்திரத்தை ஒட்டியே நடந்தது.

2006ஆம் ஆண்டு. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் 48.7 கிலோ இருந்தான். முறைப்படி அவன் 50 கிலோ பிரிவில் இறங்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவில் எங்கள் பள்ளிக்கே இன்னொரு வலுவான பையன் இருந்தான்; ஒரு பிரிவுக்கு ஒருவரைத்தான் அனுப்ப முடியும். இவனை 46க்கு இறக்கிவிட்டால் இரண்டு பதக்கம் என்று கணக்குப் போட்டேன். அவனிடம் கேட்டேனா என்றால், கேட்டேன். பயிற்சியாளர் கேட்டால் பதினைந்து வயதுப் பையன் என்ன சொல்வான் என்பது எனக்குத் தெரிந்திருந்ததால் அதைக் கேட்டதாகக் கொள்ள முடியாது. மூன்று நாள் சோறு இல்லை, கடைசி நாள் தண்ணீரும் இல்லை. பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டி வெயிலில் ஓட விட்டேன். புளிப்பு மிட்டாய் கொடுத்து எச்சிலைத் துப்பச் சொன்னேன். அந்தக் காலத்தில் போட்டிக்கு முந்தைய மாலையே எடை பார்ப்பார்கள். முள் 45.9இல் நின்றது. நான் கைதட்டினேன்.

அன்றிரவு அவன் குடித்த தண்ணீரும் சாப்பிட்ட இட்லியும் வயிற்றில் தங்கவில்லை. மறுநாள் முதல் சுற்றில், எதிராளியின் ஒற்றைக் காலைப் பாய்ந்து பிடிப்பதில் எங்கள் மாவட்டத்திலேயே கெட்டிக்காரன் என்று நான் நம்பியிருந்த அந்தப் பையன், பாய்ந்தான், காலையும் பிடித்தான், பிடித்த இடத்திலிருந்து எழ முடியாமல் முழங்காலிலேயே நின்றான். ஒரு நிமிடத்துக்குள் அவன் இரு தோள்களும் மெத்தையில் பட்டன. வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தவன் அப்படியே சரிந்தான். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

மாலையில் அவன் தந்தை வந்தார். விசைத்தறியில் வேலை பார்ப்பவர். கட்டில் அருகே நின்று, குரலை உயர்த்தாமல், "சார், ரெண்டு நாளா இவன் வீட்டுல சாப்பிடலைன்னு அவங்கம்மா சொன்னா. நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் சொல்லாமல் மகனின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார். திட்டியிருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். இப்படி ஓரிரு நாளில் இறக்கும் எடையில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். ரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் கூடுதலாகத் துடிக்கிறது, வியர்வை வற்றிவிடுவதால் உடலின் சூடு வெளியேற வழியில்லை. தசைகளில் சேர்ந்திருந்த மாவுச்சத்தும் தீர்ந்துவிடுகிறது. எடை பார்த்த பிறகு கிடைக்கும் சில மணி நேரத்தில் குடித்தும் தின்றும் இவை அனைத்தையும் மீட்டுவிட முடியாது. 1997இல் அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியிலேயே சில வார இடைவெளியில் இறந்துபோனார்கள். அதன் பின் அங்கே வியர்வைக்கான ரப்பர் உடைகளையும் நீராவி அறைகளையும் தடை செய்தார்கள். என் மழைக்கோட்டு அதற்கு ஒன்பது ஆண்டுகள் பிந்தியது.

அந்தப் பையன் ஒரு மாதம் கழித்துப் பயிற்சிக்குத் திரும்பினான். 50 கிலோவில் இரண்டு ஆண்டுகள் பிடித்தான், பதக்கம் எதுவும் வாங்கவில்லை. அதை மறைப்பது நியாயமாகாது. சரியான எடையில் இறங்கினால் வெற்றி கைகூடும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஆனாலும் கே. டி. ஜாதவ் கதையை மட்டும் ஒவ்வோர் ஆண்டும் சொல்லி வந்தேன். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 52 கிலோ பிரிவில் ஆறாம் இடம் பெற்றவர், அடுத்த முறை ஹெல்சிங்கியில் ஒரு பிரிவு மேலே ஏறி, 57 கிலோவில் வெண்கலம் வாங்கினார். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது.

திங்கள்கிழமை காலைதோறும் எடையை ஒரு நோட்டில் எழுதும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன். மூன்று மாதம் வழக்கம்போல் சாப்பிட்ட உடலின் எடை எந்தப் பிரிவில் வருகிறதோ அதுதான் பிரிவு. இதனால் சில பதக்கங்கள் போயின. சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள், தலைமையாசிரியருக்கும் வருத்தம்தான்.

2024 ஆகஸ்டில், நான் ஓய்வுபெற்ற பின்னும் காலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், பாரிஸ் ஒலிம்பிக்கின் 50 கிலோ இறுதிப் போட்டியன்று வினேஷ் போகாட் 100 கிராம் கூடியதால் தகுதியிழந்தார். ஊரெல்லாம் அந்த 100 கிராமைப் பற்றிப் பேசியது. எனக்கோ எடையைக் குறைக்க அவர் போராடிய முந்தைய இரவே கண்ணில் நின்றது. இரண்டு நாள் கழித்து, 57 கிலோவில் வெண்கலம் வென்ற அமன் செராவத் பத்து மணி நேரத்தில் 4.6 கிலோ குறைத்தார் என்ற செய்தி வீரக் கதையாகப் பரவியது. மறுநாள் காலையே இரண்டு பையன்கள், "சார், அது எப்படி சார்?" என்று கேட்டார்கள். அமனைச் சுற்றி மருத்துவர்கள் இருந்தார்கள், உங்களைச் சுற்றி நான் மட்டும்தான் இருக்கிறேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நான் 2006ஐச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, கீழ்ப் பிரிவுக்கு ஒன்றரை கிலோதான் அதிகம், இறங்கிவிடட்டுமா என்று கேட்டாள். நோட்டைக் காட்டி மறுத்தேன். மேல் பிரிவில் இரண்டாம் சுற்றில் தோற்று வந்து, அரங்கின் படிக்கட்டில் உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய தயிர்சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டே, "அடுத்த வருஷமும் இதே வெயிட்தானா சார்?" என்றாள். அடுத்த வருஷம் நீ இன்னும் வளர்ந்திருப்பாய் என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஊறுகாயைத் தேடினாள்.