ஒமாஹா நாட்குறிப்பு: கையில் நான்கு, கணக்கில் இரண்டு

ஜூன் 2

கைக்கு இரண்டு சீட்டு வரும் போக்கரான ஹோல்டம் ஆடியவருக்கு, பந்தயம் பாட் (நடுவில் சேர்ந்த பந்தயத் தொகை) அளவுக்குள் அடங்கும் பாட் லிமிட் ஒமாஹா பாதி தெரிந்த ஆட்டம். அந்தப் பாதிதான் சிப்ஸைக் கரைக்கும். பிளைண்ட் (சீட்டு வருமுன் கட்டும் கட்டாயப் பந்தயம்), ஃபிளாப் (மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு), டர்ன் (நான்காவது), ரிவர் (ஐந்தாவது) எல்லாம் அதே வரிசை. ஆனால் கைக்கு நான்கு சீட்டு வரும். முடிவில் கையிலிருந்து இரண்டு, மேசையிலிருந்து மூன்று சேர்த்தே ஐந்து சீட்டுக் கை அமையும். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

ஜூன் 3

நேற்றைய விதி கேட்க எளிது, ஆடும்போது கண் ஏமாற்றும். மேசையில் நான்கு ஆர்ட்டின், கையில் ஆர்ட்டின் ஏஸ் மட்டும். ஹோல்டமில் பெரிய ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி). இங்கே ஃப்ளஷே இல்லை, கையில் இரண்டு ஆர்ட்டின் வேண்டும். மேசையில் கிங்-கிங்-7-7-2, கையில் ஏஸ்-கிங்-குயின்-9 என்றால் ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்று, இன்னொன்றில் இரண்டு) என்று தோன்றும். கிடைப்பது மூன்று கிங்தான். வெறும் ஒரு கிங்கும் ஒரு 7-ம் வைத்திருப்பவர் அடித்துப் போவார்.

ரிவரில் பந்தயம் கட்டுமுன் 'என் இரண்டு எவை, மேசையின் மூன்று எவை' என்று விரல்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். மென்பொருள் திரையில் கையின் பெயரைக் காட்டும்தான். அதை நம்பியே பழகினால் கண் பழகாது.

ஜூன் 6

கை தேர்வு. நான்கு சீட்டுக்குள் ஆறு ஜோடி இருக்கின்றன. ஆறும் உழைக்கிற கைதான் நல்ல கை. ஜாக்-10-9-8, அதிலும் இரண்டிரண்டாக ஒரே ஜாதி, அதாவது டபுள் சூட்டட் என்றால் தாராளமாக ஆடலாம். ஜாக்-10-9-3 என்றால் அந்த 3 ஒட்டாமல் தொங்குகிறது, ஆறு ஜோடியில் மூன்று வீண். ஒரே ஜாதியில் நான்கும் வந்தால் அழகாகத் தெரியும். ஆனால் பயன்படுவது இரண்டுதான். மற்ற இரண்டும் நமக்கு வர வேண்டிய சீட்டை நாமே அடைத்து வைத்திருப்பவை. 7-7-7 வந்தாலும் அதே கதை, செட் (கையில் ஜோடி, மேசையில் அதே எண்ணில் மூன்றாவது) அடிக்க மீதி ஒரே ஒரு 7.

ஏஸ்-ஏஸ் பற்றித் தனியாக ஒரு வரி. ஹோல்டமில் ஏதோ ஒரு கைக்கு எதிராக அதன் வெற்றி வாய்ப்பு சுமார் 85 சதவீதம். ஒமாஹாவில் அந்தத் திமிர் கிடையாது. ஃபிளாப் உதவாவிட்டால் அது வெறும் ஒரு ஜோடி, விடத் தெரிய வேண்டும்.

ஜூன் 7

பாட் லிமிட் கணக்கு. அதிகபட்ச ரெய்ஸ் என்பது, முதலில் கால் செய்து (எதிராளி கட்டியதற்கு ஈடாகக் கட்டி), அதையும் சேர்த்த பாட் அளவுக்கு ஏற்றுவது. குறுக்கு வழி: கடைசிப் பந்தயம் பெருக்கல் 3, அதோடு அதற்கு முன் பாட்டில் இருந்தது. பாட் 100, எதிராளி 50 கட்டினால் 150 + 100, ஆக 250 வரை.

பிளைண்ட் 1, 2 என்றால் முதல் ரெய்ஸ் 7 வரை, அடுத்தவர் 24 வரை. முதலில் ஏற்றியவரே திரும்ப ஏற்றினால் 75 வரை. மூன்றே அடியில் இவ்வளவு. 'லிமிட்' என்ற சொல்லைப் பார்த்து இது அடக்கமான ஆட்டம் என்று எண்ணுபவர்கள் இந்த மூன்று எண்களைப் பார்த்தால் போதும்.

ஜூன் 11

ராப்: கைச் சீட்டுகள் மேசைச் சீட்டுகளைச் சுற்றி அமைந்து, பல சீட்டுகளால் ஸ்ட்ரெயிட் (வரிசையான ஐந்து) முடியக்கூடிய நிலை. ஒமாஹாவுக்கே உரிய அழகு இது. ஃபிளாப் 9-8-2, மூன்றும் வெவ்வேறு ஜாதி, கை ஜாக்-10-7-6. ஸ்ட்ரெயிட் தருபவை: குயின் 4, ஜாக் 3, 10-இல் 3, 7-இல் 3, 6-இல் 3, 5-இல் 4. மொத்தம் 20 சீட்டு. ஹோல்டமில் இருமுனை திறந்த ஸ்ட்ரெயிட் டிராவுக்கு (முடிய ஒரு சீட்டுக் குறைவான நிலைக்கு) 8-தான். மீதி இரண்டு சீட்டில் ஒன்றாவது வரும் வாய்ப்பு 70 சதவீதத்தை ஒட்டும்.

ஆனால் இருபதும் ஒரே தரம் இல்லை. குயின், 7, 6, 5 வந்தால் நம்மிடம் நட் ஸ்ட்ரெயிட், அதாவது அப்போது அமையக்கூடியதில் மிக உயர்ந்தது. ஜாக் வந்தால் குயின்-10 வைத்தவரும், 10 வந்தால் குயின்-ஜாக் வைத்தவரும் நம்மை முந்துவார்கள். ஆகவே சுத்தமான சீட்டு 14. ஃபிளாப்பில் இரண்டு சீட்டு ஒரே ஜாதியாக இருந்தால் இதிலும் கழிக்க வேண்டும், மூன்றாவது வந்தால் ஃப்ளஷ் நிற்கும். எண்ணிக்கையோடு நின்றுவிடுவதுதான் புதியவர்களின் பொதுவான பிழை.

ஜூன் 12

நேற்றையதன் தொடர்ச்சி. மேசையில் ஜோடி விழுந்தால் ஃபுல் ஹவுஸ் யாரிடமாவது இருக்கலாம். ஃப்ளஷ், ஸ்ட்ரெயிட் இரண்டும் மதிப்பிழக்கும். பலர் கடைசிவரை வந்து பெரிய பந்தயம் கட்டினால் இரண்டாம் தரக் கை ஃபோல்ட், அதாவது கைவிட வேண்டியது.

ஜூன் 18

மேசையில் உட்காருமுன் ஆட்டத்தின் பெயரைப் படிக்க வேண்டும். ஐந்து சீட்டு ஒமாஹாவில் ஜோடிகள் ஆறல்ல, பத்து. நட்ஸ் இல்லாமல் பெரிய பாட் வெல்வது இன்னும் அரிது. ஹை-லோ மேசையில் பாட் இரண்டாகப் பிரியும். கீழ்ப்பாதிக்கு 8-க்கு மேற்படாத, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து சீட்டு வேண்டும், ஏஸும் அதில் தாழ்ந்த சீட்டாகச் சேரும். மேல்பாதிக்கு ஒரு இரண்டு, கீழ்ப்பாதிக்கு வேறு இரண்டு எடுக்கலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் கையிலிருந்து இரண்டு என்ற விதி மாறாது.