மாரிமழையில் உன்னிச்சைக் குளத்தோரம்: தூண்டிலும் தறப்பாளும்

மாரி தொடங்கிவிட்டால் மட்டக்களப்பில் தூண்டில்காரர் பலர் தங்கூசியை, அதாவது தூண்டில் நைலோன் இழையை, சுருட்டி வைத்துவிடுவார்கள். களப்பு (கடலேரி) கலங்கிவிடும், அது கடலில் சேரும் முகத்துவாரத்தை வெட்டினால் நீரோட்டமே மாறிவிடும், காற்று வேறு. நானும் மச்சானும் இந்த மாரியில் மழை பெய்யும்போதே களப்புக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் போவது என்று முடிவெடுத்தோம். மூட்டையைத் தோளில் போட்டு உன்னிச்சைக் குளத்தின் மேல்கரையோரமாக நடந்து, காட்டு ஓடை குளத்தில் விழும் இடத்தில் தூண்டில் போடுவது, அங்கேயே தங்குவது. வெளிநாட்டில் மலை உச்சி ஏரிகளுக்கு முதுகுப்பையோடு ஏறிப்போய் மீன்பிடிப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்துப் பிடித்த கிறுக்குத்தான். அந்த மாதிரிக் குளிரும் மலைத் தண்ணீரும் வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம் போக வேண்டும். வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் அங்கேதான் இருக்கிறது. எங்களுக்கு மேற்கே தெரிகிற மலைக்காடும் அதிலிருந்து இறங்கும் தண்ணீரும் போதும்.

கூடாரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டோம். விடாத மழையில் கூடாரத்தை மூடினால் உள்ளே வியர்த்துக் கொட்டும், திறந்தால் தூவானம். நனைந்த பிறகு அதைச் சுருட்டித் தூக்குவது இன்னொரு தண்டனை. அதற்குப் பதிலாக 12 அடிக்கு 10 அடியில் ஒரு தறப்பாள், கொஞ்சம் நைலோன் கயிறு, கீழே விரிக்க வெட்டித் தைத்த உரப்பைகள். வடகீழ்க் காற்றுக் காலம் என்பதால் தறப்பாளின் அந்தப் பக்கத்தை நிலத்தோடு இழுத்து இறுக்கிக் கட்டி, மறுபக்கத்தைத்தான் உயர்த்தினோம். இதில் மச்சான் ஒரு நல்ல வேலை செய்தான். மரத்திலிருந்து வரும் நடுக்கயிற்றில், தறப்பாளுக்குள் நுழைவதற்கு ஒரு சாண் முன்னால், பழைய சறத்துணியில் ஒரு கீலத்தைக் கட்டித் தொங்கவிட்டான். மரத்தில் வடிந்து கயிறு வழியாக ஓடிவரும் தண்ணீர் அந்தத் துணியில் இறங்கி நிலத்தில் சொட்டிவிடும், உள்ளே வராது. நான் முதலில் நம்பவில்லை. இரவு டோர்ச் அடித்துப் பார்த்தேன். துணியின் நுனியிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. கயிற்றின் உட்பக்கம் தொட்டால் ஈரமே இல்லை.

மாற்று உடுப்பு ஒரு சோடி, ஒரு போர்வை, தீப்பெட்டி, அரிசி எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பைகளில் தனித்தனியாக முடிந்து வைத்தோம். ஈரமான ஒன்றைக் காயவைக்கலாம் என்ற நினைப்பே மழைப் பயணத்தில் கூடாது. படுக்கப் போகும்போது போடுகிற உடுப்பைப் பகலில் எந்தக் காரணத்துக்கும் எடுப்பதில்லை. காலையில் மறுபடி ஈர உடுப்பைப் போடும்போது உயிர் போகும், ஆனாலும் அதுதான் சட்டம்.

வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவு, ஆயித்தியமலை வழியாகப் போனோம். அணைக்கட்டுக்குக் கிட்ட தெரிந்த ஒரு வீட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம். குளத்தில் தோணி விடும் மீனவர் சங்கத்து ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூண்டில் எடுக்க வேண்டும். குளத்தில் மீன்குஞ்சு விட்டுப் பிடித்து வயிறு வளர்ப்பவர்கள் அவர்கள்தான். தூண்டில்தான், வலை இல்லை என்றதும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். மழைக்குள் இரண்டு பேர் வேலைமெனக்கெட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஓடைக்குக் கிட்டவே படுப்பதாகத்தான் திட்டம். காடு வெட்டிச் செய்த சோளன் சேனைக்குக் காவலிருந்த பெரியவர் ஒருவர் அதைக் கேட்டதும் கையை விரித்தார். “மனே, அதுல படுக்காதீங்க. ராவைக்கு மேல மழை பெஞ்சா ஓடை ஏறும். யானையும் அந்தப் பாதையாலதான் தண்ணிக்கு இறங்கும். இஞ்ச வாடிக்குப் பக்கத்துல மேட்டுல கட்டுங்க.” அப்படியே செய்தோம். அரிசியையும் உப்பையும் படுக்கும் இடத்தில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னார். உப்பு மணத்துக்கு யானை வீட்டுச் சுவரையே இடிக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். பொதியைக் கட்டிப் பரணுக்கு மேலே ஏற்றிவிட்டோம்.

இனி நெருப்பு. மழையில் விறகு தேடுவதில் ஒரே விதி: நிலத்தில் கிடப்பதைத் தொடாதே. மரத்தில் நின்றபடியே செத்துப்போன கொப்பைத்தான் முறிக்க வேண்டும். படக்கென்று முறிந்தால் உள்ளே காய்ந்திருக்கிறது, வளைந்தால் விட்டுவிடலாம். வெளிப்பட்டை சொதசொதவென்று இருந்தாலும் கத்தியால் சீவினால் ஒரு நூல் ஆழத்திலேயே வெளிறிய உலர்ந்த மரம் வந்துவிடும். அதைச் சீவிச் சீவி ஒரு கைப்பிடி சுருள் எடுத்தோம். வீட்டிலிருந்து கொண்டுபோன சிரட்டைகள்தான் உண்மையான உதவி. சிரட்டையில் ஒருமுறை பற்றிய நெருப்புத் தூறலுக்கெல்லாம் அசையாது. சைக்கிள் டியூபில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி அடியில் வைத்துக் கொளுத்தினால், சுருள் பிடித்துச் சிரட்டை பிடிக்கும்வரை அது நின்று எரியும். நாற்றம்தான் தாங்காது, அது போகும்வரை சட்டியை வைக்காமல் பொறுத்திருக்க வேண்டும். அப்புறம் பிளேன்டீயும் வெல்லக்கட்டியும். அந்த நேரத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குளங்களில் தூண்டிலுக்கு அதிகம் கிடைப்பது திலாப்பியா. ஆப்பிரிக்க மீன், இலங்கைக் குளங்களுக்கு 1952இல் வந்தது. இன்றைக்கு அது இல்லாத குளத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். குளம் முழுதும் கலங்கிக் கிடக்கும்போது எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. ஓடை வந்து விழும் வாயில் செங்கலங்கல் தண்ணீர் ஒரு நாக்காக நீண்டு கிடக்கும். அதன் இரண்டு ஓரங்களிலும் குளத்துத் தண்ணீர் கொஞ்சம் தெளிவாக நிற்கும். கலங்கலும் தெளிவும் சேரும் அந்தக் கோட்டில் போட்டபோதுதான் மீன் எடுத்தது. நடுக் கலங்கலில் ஒன்றுமில்லை, தள்ளித் தெளிந்த பக்கத்திலும் ஒன்றிரண்டுதான். மழை அடித்துக்கொண்டு வரும் புழுவையும் பூச்சியையும் பொறுக்குவதற்கு மீன் அந்த ஓரத்தில்தான் வந்து நிற்கிறது.

இரையில் கோதுமை மா உருண்டை இந்த ஓட்டத்தில் நிற்கவில்லை, கரைந்து போனது. மண்புழு நின்றது. மழைக்கு மண்புழு தேட வேண்டிய அவசியமே இல்லை, வாடிக்குப் பின்னால் எருக்குவியலைக் கிளறினால் போதும்.

இந்தப் பயணத்தில் செய்து பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்தது மிதவைதான். ரெஜிபோம் (பாரமில்லாத வெள்ளைத் தெர்மோகோல்) துண்டில் செய்த மிதவை மழைத்துளி விழும்போதெல்லாம் குதிக்கும். மீன் தொடுகிறதா மழை தொடுகிறதா என்று தெரியாது. சேனைப் பக்கம் மயில்கள் உதிர்த்த இறகுகள் கிடந்தன. அதில் ஒன்றின் பீலியைக் கழற்றி, தண்டின் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு வெட்டி, தங்கூசியில் ரப்பர் வளையம் போட்டுச் செருகினோம். ஈயத்தைக் கூட்டிக்குறைத்து, தண்ணீருக்கு மேலே நுனி மட்டும் தெரியும்படி நிறுத்தினோம். மழை அதை அசைப்பதே இல்லை, நேராக நிற்கிறது. திலாப்பியா எடுக்கும்போது மிதவை உடனே மூழ்குவதில்லை. முதலில் சின்னதாக ஒரு நடுக்கம். பிறகு, மீன் புழுவைக் கவ்விக்கொண்டு மேலெழும்பினால் ஈயத்தின் பாரம் மிதவையை விட்டுப் போய்விடும். நட்டுக்கு நின்ற தண்டு மெல்லச் சரிந்து தண்ணீரில் படுக்கும். அது படுக்கும் நேரத்தில் மணிக்கட்டால் சுண்டினால் மீன் மாட்டும். மூழ்கட்டும் என்று காத்திருந்தபோது வெறும் தூண்டில்தான் வந்தது.

வானம் முழங்கத் தொடங்கியதும் கோலை மடக்கிவிட்டோம். கார்பன் கோல் மின்சாரம் கடத்தும். வெட்ட வெளியில், தண்ணீரோரத்தில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பது விளையாட்டல்ல. குளத்தில் முதலையும் உண்டு, ஆகவே இடுப்பளவு இறங்கி எறியும் பழக்கத்தையும் இங்கே வைத்துக்கொள்ளக் கூடாது. கரையில் ஓராள் உயரம் தள்ளி நின்றே எறிந்தோம்.

புல் மூழ்கிய ஒரு மூலையில் தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கூட்டம் சுருண்டு சுருண்டு நகர்ந்தது. விரால் குஞ்சுகள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், வாய்க்கு முன்னால் எது விழுந்தாலும் பாய்ந்து அடிக்கும். அந்த நேரத்தில் விராலைப் பிடிப்பது சுலபம், அதற்காகத் தவளை போட்டுக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பெரியதைத் தூக்கிவிட்டால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீனுக்கு இரை. மச்சான் கோலை நீட்டினான், நான் அவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். அதில் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம்கூட வந்தது.

பொழுதுபட்டபோது ஒரு சுங்கான் (மீசையுள்ள கெளுத்தி வகை மீன்) வந்தது. அதைக் கையால் பிடிக்கவே கூடாது, பக்கச் செட்டை முள் குத்தினால் விடிய விடியக் கடுக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்திருந்தால் வலி தணியும், அந்த நஞ்சு சூட்டில் முறியும். நாங்கள் குறட்டால் தூண்டிலைக் கழற்றி விட்டுவிட்டோம்.

திலாப்பியாவை உப்பும் தேசிக்காயும் போட்டு நன்றாகக் கழுவினால் சேற்று மணம் போய்விடும். பெரியவர் தன் சட்டியில் பழப்புளி கரைத்துக் கொச்சிக்காய் கிள்ளிப் போட்டுப் புளி ஆணம் வைத்தார். சோறு கொஞ்சம் குழைந்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. சாப்பிட்டுக்கொண்டே 1978 சூறாவளியைப் பற்றிக் கதைத்தார். தென்னையெல்லாம் ஒரே பக்கமாய்ச் சரிந்து கிடந்ததாம். நடுச்சாமத்தில் தூரத்தில் யானையை விரட்டப் போடும் வெடி கேட்டது. அவர் எழும்பி ஒரு சத்தம் வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார், எங்களுக்குத்தான் அதன்பிறகு நித்திரை வரவில்லை.

திரும்பும்போது வான்கதவு திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வவுணதீவுப் பக்கத்தை விட்டுக் கரடியனாறு போய்ச் செங்கலடி வழியாக வந்தோம். ஒன்று சொல்ல வேண்டும்: காலில் வெட்டுக்காயம் இருந்தால் இந்தச் சேற்றில் இறங்க வேண்டாம். மாரியில் எலிக்காய்ச்சல் இந்தப் பக்கத்தில் உண்மையான ஆபத்து. வயலுக்கு இறங்குபவர்களுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் டொக்சிசைக்கிளின் கொடுப்பது அதற்காகத்தான். போவதற்கு முதல் அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வந்தபின் காய்ச்சலோ தசைநோவோ கண்டால், சேற்றில் நின்ற விஷயத்தை டொக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

ரீலுக்குள் மணல் போய்க் கரகரத்தது. திறந்து துடைத்துத் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருக்கிறேன். தங்கூசியின் முன்பகுதி கல்லில் உரசிச் சொரசொரத்துவிட்டது, அந்த அளவுக்கு வெட்டி எறிந்தாயிற்று. அடுத்தது உறுகாமம் குளம், அதே மயிலிறகுத் தண்டோடு. ஆனால் தறப்பாள் இன்னும் கொஞ்சம் பெரிதாக வேண்டும், இருவருக்கு நடுவில் நெருப்பும் இருந்தால் 12 அடி காணாது.